மூக்கு பெரிசில்லை, தூரம்தான் குறைவு

வேலூர்க் கோட்டை அகழியோரம் அத்தையை நிறுத்தி போனில் ஒரு படம் எடுத்தேன். முகம் பெரிதாக விழட்டும் என்று ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் நின்று எடுத்த படம். பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. “ஏன்பா, என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?” அத்தையின் மூக்கில் ஒரு குறையும் இல்லை. நான் நின்ற இடம்தான் தப்பு.

கணக்கு எளிது. மூக்கு நுனியைவிடக் காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், காது அதிலிருந்து 42 செ.மீ. தள்ளி இருக்கும். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே முகத்தை 150 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் 150-க்கு 162, அதாவது வித்தியாசம் 8 சதவீதம்தான். திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது நாம் பார்த்துப் பழகிய முகம் இந்தத் தூரத்து முகம். அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஒரு மருத்துவக் கணக்கீடும் இதையே காட்டியது: 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது, 5 அடியில் அப்படித் தெரிவதில்லை.

லென்ஸ்தான் முகத்தை மாற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மூக்கைப் பெரிதாக்குவது தூரம். எதிரே இருப்பதில் எவ்வளவு பகுதியைப் படத்துக்குள் எடுப்பது என்பதுதான் லென்ஸின் வேலை. போனின் முதன்மை லென்ஸ் அகல லென்ஸ், எதிரே இருப்பதில் நிறையப் பகுதியை உள்ளே எடுத்துவிடும். முகம் படம் நிறைய வரவேண்டுமென்றால் நாம் தானாகவே கிட்டே போய்விடுகிறோம். போட்டோகிராபர்கள் முகப்படத்துக்கு 85 மி.மீ. லென்ஸைத் தேடுவது, தள்ளி நின்றபடியே முகத்தை நிறைக்க முடியும் என்பதால். போனில் ஐந்தாறு அடி பின்னால் வந்து 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்தால் போதும். போர்ட்ரெய்ட் மோட் பின்னணியை மட்டுமே மங்கலாக்கும், மூக்கைச் சரிசெய்யாது.

நிற்கும் விதத்துக்கும் இதே விதிதான். கேமராவைக் கீழிருந்து தூக்கிப் பிடித்தால் தாடை பெரிதாகும், தலைக்கு மேலிருந்து பிடித்தால் நெற்றி. அதனால் கண் மட்டம் நல்லது. படத்துக்கு நின்றதும் எல்லோரும் விறைப்பாகித் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். கழுத்துத் தோல் மடிந்துவிடும். தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, லேசாகத் தாழ்த்தச் சொல்லுங்கள். நிற்பவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும். தோளைச் சற்றுத் திருப்பி, எடையைப் பின்காலில் வைத்தால் உடம்பு தளர்ந்துவிடும். கல்யாண மேடையில் அகல லென்ஸால் குரூப் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிவார்கள். பெரியவர்களை அந்த ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் வெளிச்சம். எங்கள் ஊர் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே இருந்து அடிக்கும். புருவமும் மூக்கும் நிழல் போட்டு, கண் இருக்கும் இடம் குழியாகிவிடும். சூரியன் வானத்தில் ஒரு சின்ன வட்டம், அதனால்தான் அதன் நிழலுக்கு விளிம்பு கூர்மை. அகலமான பரப்பிலிருந்து வரும் ஒளி முகத்தை எல்லாப் பக்கமும் தழுவும், நிழல் கரைந்துவிடும். அப்படிப்பட்ட ஒளி கோட்டை வாசலிலேயே கிடைக்கிறது. கல் வளைவுக்குள் நிழலில் இரண்டடி தள்ளி, வெளியே பார்த்து நின்றால், வாசல் அளவுக்கு விரிந்த வானமே விளக்கு. பின்னால் இருட்டு, கண்ணில் அந்த வானம் மின்னும் ஒரு வெள்ளைப் புள்ளி.

மறுபடி ஒருநாள் அத்தையை அங்கேதான் நிறுத்தினேன். ஆறடி பின்னால் வந்து எடுத்தேன். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, மூக்குத்தி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஆம்பூரில் இருக்கும் மகளுக்கு உடனே அனுப்பச் சொன்னார்.