மைக்ரோகிரெடிட்: நுண்கடனா, குறுங்கடனா?

மைக்ரோகிரெடிட் என்பது ஏழைகளுக்குத் தரும் சிறு கடன்; தெருவில் இதற்குப் பெயர் 'குழு லோன்'. வாரந்தோறும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பெண்கள் கூடி 'டியூ' கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடமானம் கிடையாது, ஒருவர் கட்டத் தவறினால் குழுவே பொறுப்பு.

'மைக்ரோ' கிரேக்கச் சொல், சிறியது என்று பொருள். 'கிரெடிட்' லத்தீனில் நம்புதல் என்னும் வினையிலிருந்து வந்தது. அதாவது, கொடுப்பவர் பக்கத்துச் சொல். நம்முடைய 'கடன்' வாங்கியவர் பக்கம் நிற்கிறது. நேர்த்திக்கடன், காலைக்கடன், கடமை என எதை எடுத்தாலும் செய்து தீர்க்க வேண்டியது என்ற பொருள்தான்.

1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தன் கைப்பணம் 27 டாலரைக் கொடுத்தது நம்பிக்கையில். 1983இல் ஏழைகளுக்குக் கடன் தரும் கிராமின் வங்கி, 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு. வறுமைக்கு இதுவே மருந்து என்று பல நாடுகள் நம்பின.

சரி, வறுமை குறைந்ததா? ஹைதராபாத்தில் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்து, குலுக்கல் முறையில் 52இல் மட்டும் முதலில் கடன் கிளை திறந்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் கூடுதலாக முதலீடு செய்திருந்தார்கள். புகையிலை, வெளித்தீனிச் செலவு குறைந்திருந்தது. ஆனால் வீட்டின் மொத்தச் செலவு உயரவில்லை. பிள்ளைகள் படிப்பிலோ வீட்டில் பெண்களின் சொல்லுக்குள்ள மதிப்பிலோ மாற்றம் தெரியவில்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளும் 2015இல் இதோடு சேர்ந்தே வெளிவந்தன. பயன் உண்டு, அதிசயம் இல்லை என்பதே அவற்றின் சாரமும். 'கிரெடிட்' தந்த கனவைவிடக் 'கடன்' என்ற சொல்லே இந்த முடிவுகளுக்குப் பொருத்தமாகப் படுகிறது எனக்கு.

அப்புறம், எது சரியான தமிழ்? மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி; ஆனால் அரசு ஏடுகளில் மைக்ரோ தொழில் 'குறுந்தொழில்'. அந்தக் கணக்கில் குறுங்கடன் என்பதே பொருந்தும். சிக்கல் என்னவென்றால், அதைக் குறுகிய காலக் கடன் என்று படித்துவிடுவார்கள். நுண்கடன் செய்தித்தாள்களில் ஊன்றிவிட்ட சொல், குழப்பமும் இல்லை. என் வாக்கு அதற்கே. மைக்ரோஃபைனான்ஸ் வேறு. சேமிப்பும் காப்பீடும் அதில் அடங்கும் என்பதால் இலங்கை வழக்கைப் பின்பற்றி 'நுண்நிதி' எனலாம். கடனை மட்டும் சொல்லும்போது அந்தச் சொல் வேண்டாம்.