'லுக் ஃபார்வர்ட் டு': முன்னோக்குவதா, எதிர்பார்ப்பதா?

'தங்கள் பதிலை முன்னோக்கிப் பார்க்கிறோம்' என்று முடியும் மடல்கள் பெருகிவிட்டன. 'லுக் ஃபார்வர்ட் டு' என்னும் ஆங்கிலக் கூட்டுவினையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. 'லுக்' பார்த்தலையும் 'ஃபார்வர்ட்' முன்பக்கத்தையும் குறித்தாலும், கூட்டுவினையின் பொருள் வரவிருக்கும் ஒன்றை மகிழ்ச்சியோடு எதிர்பார்த்தல் என்பதே. இதிலுள்ள 'டு'வுக்குப் பின் பெயர்ச்சொல்லோ 'மீட்டிங்' போன்ற தொழிற்பெயரோதான் வரும். 'மீட்' என்று எழுதுவது பிழை.

'முன்னோக்குதல்' ஏன் பொருந்தாது? ஆங்கிலேயருக்கு வருங்காலம் முன்னால் இருக்கிறது. தமிழிலோ, காலத்தைக் குறிக்கும்போது 'முன்' கடந்ததையே சுட்டுகிறது. முன்னோர் மறைந்தவர்கள், முன்னாள் தலைவர் பதவியில் இல்லாதவர், 'முன்பு நடந்தது' என்றால் நடந்து முடிந்தது. 'முன்னேற்றம்' என்ற சொல் இருக்கிறதே என்பார்கள். அது இடத்தில் முன்செல்வதிலிருந்து விரிந்த பொருளே தவிர, காலத்தைச் சுட்டுவதன்று. வருங்காலத்துக்கு நம் சொல் 'எதிர்'. தொல்காப்பியம் முக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று வகுக்கிறது: வருவது நம்மை எதிர்கொண்டு வருகிறது, நாம் அதை எதிர்பார்க்கிறோம். இவ்வளவு தெளிவான அமைப்பு இருக்க, அதைத் தலைகீழாக்கும் சொல்லை இறக்குமதி செய்வது எனக்கு உடன்பாடில்லை.

சற்றுக் கவனமான மொழிபெயர்ப்பாளர்கள் 'எதிர்நோக்குகிறோம்' என்று எழுதுகிறார்கள். இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் செய்தித்தாள்களில் நெருக்கடியையும் சவாலையும் வழக்கையும் எதிர்நோக்குவதாகவே படித்துப் பழகியவருக்கு, 'உங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம்' என்ற அழைப்பு, வருகிறவர் ஏதோ இடையூறு என்பதுபோல ஒலிக்கிறது. வெறும் 'எதிர்பார்க்கிறோம்' என்பதும் போதாது. தோல்வியையும்கூட எதிர்பார்க்கலாம், அதில் மகிழ்ச்சி இல்லை. மேலதிகாரி எழுதினால் அது கட்டளையாகவும் படும்.

ஆவலும் காத்திருப்பும் ஒன்றாய்க் கலந்த சொல் நம்மிடம் இருந்தது. திருக்குறளின் 127ஆம் அதிகாரம் 'அவர்வயின் விதும்பல்'. அதன் முதற்குறளில் தலைவன் வரும் வழியைப் பார்த்துப் பார்த்துத் தலைவியின் கண் ஒளியிழக்கிறது, அவன் பிரிந்த நாள்களை எண்ணி விரல் தேய்கிறது. விதும்பலை மீட்க எனக்கு ஆசைதான். ஆனால் அலுவல் மடலில் அதைப் படிப்பவர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும் என்பதால் பரிந்துரைக்கமாட்டேன். நண்பருக்கு 'உங்களைப் பார்க்க ஆவலோடு காத்திருக்கிறேன்' என்றும், அலுவலகத்துக்குத் 'தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்' என்றும் எழுதலாம். பதில் கடமையாக வரவேண்டிய இடத்தில் ஆவலுக்கு வேலையில்லை. அங்கே 'விரைவில் பதில் அனுப்ப வேண்டுகிறோம்' என்பதே நேர்மையான தமிழ்.