டேக் முடிந்ததும் ஹெட்போனில் என்ன கேட்கிறது?

சாலிகிராமத்தில் ஒரு அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி. இரண்டு பெட்ரூம் வீட்டில் சின்ன பெட்ரூம்தான் பாடும் அறை. ஆடி மாதத்துக்கான அம்மன் பாட்டு ஒன்றை மே மாதத்தில் பதிவு செய்துகொண்டிருந்தோம். மைக்கில் இரைச்சல் ஏறும் என்று ஏசியை அணைத்தாயிற்று, ஃபேனும் கிடையாது. உள்ளே பாடிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பல்லவியை முடித்தார், நான் ட்ராக்கை நிறுத்தினேன். இந்தப் பக்கம் இசையமைப்பாளர், பாடலாசிரியர், நான் என மூன்று பேரும் பேச ஆரம்பித்தோம். பேச்சு முழுக்க ஒரு நாதஸ்வர பிட் பற்றி. அது பல்லவிக்கு முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா என்று. பாடியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குறை சொல்ல எதுவும் இல்லாத அளவுக்கு நன்றாகப் பாடியிருந்தார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். கதவு லேசாகத் திறந்தது. ஹெட்போன் கழுத்தில் கிடக்க, நெற்றி வியர்வையைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டே, "சார், ஸ்ருதி விலகிடுச்சா?" என்று கேட்டார்.

அடுத்த டேக்கில், அதாவது மறுமுறை பாடிப் பதிவு செய்தபோது, அந்தக் குரல் வரவில்லை. மேல் ஸட்ஜத்தைத் தொடும் இடத்தில் பயந்து பயந்து பாடினார். ஏழு டேக் எடுத்தோம். கடைசியில் முதல் டேக்கைத்தான் வைத்துக்கொண்டோம். அந்த வீட்டில் டாக்பேக் இல்லை, அதாவது உள்ளே இருப்பவரின் ஹெட்போனில் நாம் பேச ஒரு மைக் இல்லை. என் வேலை தொடங்கும் முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. கேட்கவில்லை.

பதினைந்து வருடமாகச் சென்னையில் பாட்டு பதிவு செய்கிறேன். முன்பு கோடம்பாக்கம், வடபழனியைச் சுற்றி இருந்த வேலையில் பாதி இப்போது வளசரவாக்கம், விருகம்பாக்கம், போரூர் வீடுகளுக்கு வந்துவிட்டது. வீட்டில் ஸ்டுடியோ போடுகிறவர்கள் கண்டென்சர் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் சுவரில் ஒட்டும் ஃபோமுக்கும் யோசித்து யோசித்துச் செலவு செய்கிறார்கள். உள்ளே நிற்பவரோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டால், கையைக் காட்டுவோம், கதவைத் திறந்து சொல்வோம், போன் போடுவோம் என்கிறார்கள். பாடுகிறவர் காதை அடைத்துக்கொண்டு, மூடிய அறையில், வியர்வையில் தனியாக நிற்கிறார். ட்ராக் நின்றதும் அவருக்கு ஒன்றுமே கேட்காது. நாம் பேசுவது தெரியும், என்ன பேசுகிறோம் என்பது தெரியாது. அந்த நேரத்தில் மனசு நல்லதாக எதையும் நினைக்காது.

டாக்பேக் என்பது இந்தப் பக்கம் இருப்பவர் பேசுவதை உள்ளே இருப்பவரின் ஹெட்போனுக்கு மட்டும் கொண்டுபோகும் மைக். அதற்கு நல்ல மைக் வேண்டியதில்லை. பழைய டைனமிக் மைக் ஒன்று, மேடையில் அடிபட்டு வலை நசுங்கிய எஸ்எம்58 ஆக இருந்தாலும் போதும். டைனமிக் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு 48 வோல்ட் பான்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், தேவையில்லை. கண்டென்சர் மைக்கில் பான்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளின் நடுவில் சுவிட்ச் போட்டு அணைத்து அணைத்துப் போட்டால், ஒவ்வொரு முறையும் பாடுகிறவர் காதில் 'டொப்' என்று விழும். அதோடு கண்டென்சர் அறையில் இருக்கும் எல்லோருடைய பேச்சையும் இழுத்துக்கொள்ளும். டைனமிக் மைக் பக்கத்தில் வாய் வைத்துப் பேசுகிறவரைத்தான் முக்கியமாக எடுக்கும்.

சிக்கல் வருவது இணைப்பில். பெரும்பாலான வீடுகளில் இருப்பது இரண்டு இன்புட், இரண்டு அவுட்புட் உள்ள சின்ன இன்டர்ஃபேஸ், மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. அதில் ஸ்பீக்கருக்குப் போவதும் ஹெட்போனுக்குப் போவதும் ஒன்றே. முதல் இன்புட்டில் பாடும் மைக், இரண்டாவதில் டாக்பேக் என்று போட்டால், நாம் பேசுவது நம் ஸ்பீக்கரிலேயே வரும், அது திரும்ப டாக்பேக் மைக்கில் நுழையும், ஊளை கிளம்பும். அந்த ஊளை உள்ளே இருப்பவரின் இரண்டு காதுக்கும் நேராகப் போகும்.

என்னைக் கேட்டால் இந்த வீடுகளுக்குக் கம்ப்யூட்டருக்கு வெளியிலேயே டாக்பேக்கை முடித்துவிடச் சொல்வேன். ஒரு மைக் இன்புட்டும் ஒரு ஸ்டீரியோ லைனும் உள்ள குட்டி மிக்ஸர் ஒன்று வாங்குங்கள். இன்டர்ஃபேஸின் ஹெட்போன் அவுட்டை மிக்ஸரின் ஸ்டீரியோ லைனில் கொடுங்கள். டாக்பேக் மைக்கை மைக் இன்புட்டில் செருகுங்கள். மிக்ஸர் அவுட்டை உள்ளே இருக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புங்கள். அவ்வளவுதான். உங்கள் ஸ்பீக்கருக்கு டாக்பேக் போகாது. பதிவாகும் ட்ராக்குக்குள் நேராக நுழையவும் வழியில்லை. ப்ராஜெக்ட் திறக்காமல் இருந்தாலும், கம்ப்யூட்டர் நடுவில் தொங்கிப்போனாலும், "ஒரு நிமிஷம்மா, சிஸ்டம் நின்னுடுச்சு" என்று சொல்ல முடியும். அந்த நேரத்தில்தான் அது அதிகம் தேவைப்படும்.

இன்டர்ஃபேஸில் நான்கு அவுட்புட் இருந்தால் ரீப்பர், கியூபேஸ் மாதிரி பதிவு செய்யும் சாஃப்ட்வேருக்குள்ளேயே செய்யலாம். ரீப்பரில் டாக்பேக்குக்கு ஒரு ட்ராக் போட்டு, பதிவாகாமல் மானிட்டர் மட்டும் ஆகும்படி வைத்து, ஸ்பீக்கருக்குப் போகும் மாஸ்டர் வழியை அடைத்து, மூன்று-நான்கு அவுட்டுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். கியூபேஸ் புரோவில் கன்ட்ரோல் ரூமுக்குள்ளேயே டாக்பேக் பட்டன் இருக்கிறது, பதிவு ஓடும்போது தானாக அணையும்படியும் வைக்கலாம். பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் துண்டை, 128 சாம்பிளுக்குள் வைத்துக்கொண்டால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பஃபருக்கு மூன்று மில்லிசெகண்டுகூட ஆகாது, பேச்சு தள்ளிப்போவது தெரியாது.

அடுத்தது சுவிட்ச். இதில் நான் பிடிவாதக்காரன். அழுத்திப் பிடித்தால் பேச்சு போக வேண்டும், கையை எடுத்தால் நின்றுவிட வேண்டும். தட்டினால் ஆன், இன்னொரு தட்டில் ஆஃப் என்று இருக்கும் சுவிட்ச் வேண்டவே வேண்டாம். ஆஃப் செய்ய மறப்போம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் நார்மலி குளோஸ்டு வகைப் புஷ் பட்டன் என்று கேட்டு வாங்கி, டைனமிக் மைக்கின் எக்ஸ்எல்ஆர் ஒயரில் 2-ஆவது, 3-ஆவது பின்களுக்கு நடுவே வைத்து சால்டர் செய்தால் போதும். பட்டனைத் தொடாதபோது அந்த இரண்டு பின்னும் ஷார்ட் ஆகி மைக் ஊமையாக இருக்கும். அழுத்தினால் ஷார்ட் விலகிப் பேச்சு போகும். ஒயரை வெட்டி அணைப்பதைவிட இது சத்தமில்லாமல் வேலை செய்யும். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தி, கீபோர்டுக்குப் பக்கத்தில் இடது கை படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். எழுந்துபோய் அழுத்த வேண்டிய இடத்தில் வைத்தால் யாரும் அழுத்த மாட்டார்கள்.

ஆஃப் செய்ய மறப்பது சின்ன விஷயமில்லை. ஒரு வீட்டில் டாக்பேக் திறந்தே கிடந்தது. டேக் நடுவில், "இந்தக் குரல் செட் ஆகாது போலயே, வேற ஆளைப் பார்க்கலாமா?" என்று கூட வந்த ஒருவர் இந்தப் பக்கம் சாதாரணமாகச் சொன்னார். உள்ளே பாடிக்கொண்டிருந்த பையன் ஒரு வரியின் பாதியில் நின்றான். ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் கவனமாக மாட்டிவிட்டு வெளியே வந்து, "பரவாயில்லை சார்" என்றான். அவனிடம் சொல்ல எங்களில் யாரிடமும் வார்த்தை இருக்கவில்லை.

சரி, அளவுக்கு வருவோம். டாக்பேக் சத்தத்தைப் பாட்டு ஓடும்போது சரிசெய்யக் கூடாது. தாளத்தோடு பாட வேண்டும் என்று பாடுகிறவர் ஹெட்போனை ஏற்றி வைத்திருப்பார். பாட்டு நின்ற மறு நொடி, அமைதியில் நம் குரல் அறைந்ததுபோல விழும். அதனால் முதலில் ஹெட்போனை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, வேறொருவரை டாக்பேக்கில் சாதாரணமாகவும், கத்தியும், இருமியும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் காது சுருங்கினால் குறையுங்கள். முடிந்தால், சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்று போடுங்கள். காதைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையாஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான், 100-இல் கால் மணி நேரம்தான். ஒரே நாளில் இரண்டு மூன்று ஸ்டுடியோ போய்ப் பாடுகிறவர்களின் காது இந்தக் கணக்குக்குள்தான் வாழ்கிறது.

பாடுகிறவர் பேசுவது நமக்குக் கேட்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம். பாடும் மைக் இருக்கிறதே என்பார்கள். ட்ராக்கை நிறுத்தினாலோ ரெக்கார்ட் பட்டனை எடுத்தாலோ பல சாஃப்ட்வேர்களில் அந்த மைக் நமக்குக் கேட்காது. அவர் "தண்ணி கிடைக்குமா?" என்று மூன்று முறை கேட்டிருப்பார். பெரிய ஸ்டுடியோக்களின் கன்சோல்களில், அதாவது மிக்ஸிங் மேஜைகளில், இதற்கென்றே லிசன் மைக் உண்டு. இங்கிலாந்தின் எஸ்எஸ்எல் 4000 கன்சோலில், அறையில் யார் எங்கிருந்து பேசினாலும் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்று அந்த மைக்குக்கு, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் முரட்டு கம்ப்ரெஸர் ஒன்று வைத்தார்கள். அது தற்செயலாக டிரம்ஸை நசுக்கிக் கொடுத்த சத்தம்தான் 1980-களின் டிரம்ஸ் ஒலிக்கே அடையாளமாயிற்று. வீட்டுக்கு அது வேண்டாம். இன்னொரு மலிவான மைக்கை மூலையில் வைத்தால் போதும். ஆனால் அது திறந்திருக்கிறது என்று உள்ளே போகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடைவேளையில் அவர் வீட்டுக்குப் போன் பேசுவார், அது நம் காதுக்கானது இல்லை.

எல்லாம் போட்டு முடித்த பிறகும் பட்டனை அழுத்துவது யார் என்ற கேள்வி இருக்கிறது. ஒருவர்தான் பேச வேண்டும். குழந்தை பாடும்போது இது கட்டாயம். அம்மா, அப்பா, பாட்டு வாத்தியார், இசையமைப்பாளர் எல்லோரும் முறை வைத்துத் திருத்தினால் எட்டு வயசுப் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? டேக் நின்ற உடனே, நமக்குள் பேசுவதற்கு முன்னால், "கேட்டோம்மா, இங்க மியூசிக் பத்திப் பேசிட்டிருக்கோம், ரெண்டு நிமிஷம், வெளிய வந்து காத்து வாங்கு" என்று சொல்லுங்கள். எங்கிருந்து பாட வேண்டும் என்பதை நிமிடக் கணக்கில் சொல்லாமல் பாட்டின் வரியைச் சொல்லுங்கள். அப்புறம் கதவைத் திறந்துவிட்டு ஏசியைப் போடுங்கள்.