கோழையகற்றல் என்று சொன்னால் புரியும்

கோவையில் ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தில் மறுபடியும் அதே தொடர்: 'இயந்திர சுவாசப்பாதை சுத்திகரிப்பு'. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுப்பாதையில் தேங்கும் கோழையை இயந்திரம் கொண்டு வெளியேற்றும் ஏர்வே கிளியரன்ஸைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள்.

கிளியர் லத்தீன் வழி வந்த சொல். முதலில் 'தெளிந்த', அப்புறம் 'தடை நீங்கிய'. இங்கே தடை என்பது கோழை. அவ்வளவுதான்.

சுத்திகரிப்பு என்றால் அழுக்கானதைத் தூய்மையாக்குவது. திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டாலே சாயக்கழிவுநீர் நிலையம்தான் நினைவுக்கு வரும். "மருந்து ஊத்திக் கழுவுவாங்களாங்க?" என்று நோயாளியின் மகன் கேட்டால் அதில் தவறே இல்லை. கோழை அழுக்கல்ல, தூசியையும் கிருமியையும் பிடிக்க உடம்பே சுரப்பது. மூச்சுக்குழலின் நுண்மயிர்கள் அதை மேலே தள்ளும், இருமினால் வெளியே வந்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தொண்டையில் குழாய் இருப்பதால் குரல்வளை மூடாது. மூடாமல் பலமான இருமல் வராது. மயக்க மருந்து வேறு இருமலை அடக்கும். அந்த இருமலின் வேலையைத்தான் இயந்திரம் செய்கிறது: காற்றை உள்ளே அழுத்திவிட்டுச் சட்டென்று இழுக்கும். அழுத்தும்போதும் இழுக்கும்போதும் 40 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை வைப்பது வழக்கம். நுரையீரல் உறைக்குள் காற்று கசிந்திருப்பவருக்கு இது ஆபத்து. கையெழுத்துப் போடுகிறவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். சுத்திகரிப்பு என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

ஆடாதோடையைச் சித்த மருத்துவம் 'கோழையகற்றி' என்கிறது. அதே வழியில் 'கோழையகற்றல்' என்று ஆள்வதற்கு என்ன தடை? கோழை என்றால் பயந்தவன் என்றும் பொருள்படுமே என்கிறார்கள். "நெஞ்சுல கோழை கட்டிக்கிச்சுங்க" என்று சொல்லும் பாட்டியைக் கேட்டு யாரும் குழம்பியதில்லை. சளியகற்றல் என்றாலும் சரி. ஆனால் 'சளி உறிஞ்சல்' என்று சுருக்கக் கூடாது. "சளி உறிஞ்சோணுங்க" என்று செவிலியர் சொல்வது மெல்லிய குழாய் விட்டு எடுப்பதை மட்டும்; அது பல முறைகளில் ஒன்று.

இதைப் பற்றி 'எக்ஸ்பர்ட் கன்சென்சஸ்' என்ற பெயரில் வரும் வல்லுநர் பரிந்துரைகளை 'நிபுணர்கள் ஒருமனதாக முடிவு' என்று செய்தியில் எழுதுவது இன்னொரு பிழை. சோதனைச் சான்று போதாத கேள்விகளுக்குத்தான் பெரும்பாலும் வல்லுநர்களிடம் இப்படிச் சுற்றுச்சுற்றாகக் கருத்துக் கேட்பார்கள். முன்பே குறித்த விழுக்காட்டினர் ஏற்றால் அது பரிந்துரையாகும். மறுத்தவர்களும் அதில் இருக்கலாம். 'வல்லுநர் இசைவு' என்று எழுதலாம். ஒன்றுக்கு இசைய எல்லோரும் ஒரே மனதாக இருக்க வேண்டியதில்லை.