கவனக்குறைவும் கவனம் நிலைகொள்ளாமையும்

ஒரு வேலையில் கவனம் நிலைக்காமலும் அமைதியாக இருக்க முடியாமலும் போகும் ஏ.டி.எச்.டி. என்ற மூளை வளர்ச்சிக் கோளாறுக்குத் தமிழில் ‘கவனக்குறைவு நோய்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். பெங்களூரில் தமிழர்களுக்காக அச்சிடும் மனநலத் துண்டறிக்கைகளிலும் சரி, வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகளிலும் சரி, இந்தச் சொல்தான் இருக்கிறது. அண்மையில் ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த தாளில் ‘பெரியவர்களில் கவனக்குறைவு: காரணங்கள்’ என்று தலைப்பே போட்டிருந்தார்கள்.

கவனம் என்பது போதலைக் குறிக்கும் வடமொழிக் ‘கமன’த்திலிருந்து வந்தது என்பார்கள். கன்னடத்தில் இன்றும் ‘கமன’ என்றால் கவனம்தான். இந்த ஊர் அறிவிப்புப் பலகைகளில் ‘கமனிசி’ (கவனியுங்கள்) என்று தினமும் பார்க்கிறோம். மனம் ஒன்றை நோக்கிப் போகிறது, அவ்வளவுதான். ஆங்கில அட்டென்ஷனுக்கும் லத்தீன் மூலத்தில் ஒன்றை நோக்கி நீளுதல் என்றே பொருள்.

நோயின் பெயருக்கு வருவோம். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் ‘அட்டென்ஷன் டெபிசிட் டிஸார்டர்’ என்ற பெயர் வந்தது. 1987இல் ‘ஹைபராக்டிவிட்டி’யும் பெயரில் சேர்ந்தது. அட்டென்ஷனுக்குக் கவனம், டெபிசிட்டுக்குக் குறைவு என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கூட்டுச்சொல் தமிழில் ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து’, ‘அதிகாரிகளின் கவனக்குறைவே காரணம்’ என்று நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கவனக்குறைவு என்பது பழிச்சொல். வள்ளுவர் ‘பொச்சாவாமை’ (அசட்டையாக இராமை) என்று ஓர் அதிகாரமே வைத்து எச்சரிக்கும் அசட்டை அது. மனம் வைத்தால் தவிர்க்கலாம், தவிர்க்காதது உன் குற்றம் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

கன்னடத்தில் கவனத்தின் குறை என்ற பொருளில் ‘கமன கொரதெ’ என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது. அசட்டைக்கு அங்கே ‘அஜாகரூகதெ’, ‘நிர்லக்ஷ்ய’ என்று தனிச் சொற்கள் உண்டு. தமிழில் இரண்டும் ஒரே சொல்லில் வந்து மோதுகின்றன. என் உறவுப் பெண் ஒருத்தி ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலையில் இருக்கிறாள். முப்பது வயதுக்கு மேல் அவளுக்கு இந்தக் கோளாறு என்று தெரிந்தது. அந்தத் தாளைப் படித்த அவள் அப்பா, “கவனக்குறைவுன்னு டாக்டரே எழுதியிருக்காங்க பாரு, இதைத்தானே நான் சின்ன வயசுலேர்ந்து சொல்றேன்” என்றார். பிறவியிலேயே பெரும்பாலும் மரபுவழி வரும் ஒரு மூளை வளர்ச்சி வேறுபாட்டை ஒரே சொல் ஒழுக்கக் குறையாக்கிவிட்டது. இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபணுவின் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை காட்டுகின்றன. இதில் அசட்டை எங்கே வந்தது?

குறைவு என்பதும் பொருந்தவில்லை. பிடித்த வேலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டையும் மறந்து மணிக்கணக்கில் மூழ்குபவர்கள் இவர்களில் பலர். கவனம் இருக்கிறது, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்கு நிற்பதில்லை. ‘மனசு ஒரு நிலையில் நிற்கமாட்டேங்குது’ என்றுதான் நம் மக்கள் சொல்கிறார்கள். அதையொட்டிக் ‘கவனம் நிலைகொள்ளாமை’ என்பதே சரி. ‘கவன நிலையாமை’ என்று சுருக்கலாமே என்பார்கள். நிலையாமை என்றதும் செல்வமும் உடலும் நிலைக்காது என்ற பழைய அறநூல் பேச்சே நினைவுக்கு வரும், வேண்டாம்.

அப்புறம் ‘ஹைபராக்டிவிட்டி’க்குப் போடும் அந்த ‘அதீத செயல்பாடு’. நன்றாக உழைப்பவரைப் பாராட்டுவது போல இருக்கிறது. வளர்ந்தவர்களிடம் ஓட்டமும் குதியும் அடங்கி, உள்ளுக்குள் ஒரு தவிப்புதான் பெரும்பாலும் மிஞ்சும். அதற்கு ‘இருப்புக் கொள்ளவில்லை’ என்று பாட்டிமார்கள் சொல்லிவைத்த பேச்சு இருக்கிறது. இருப்புக்கொள்ளாமை என்று எழுதினால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

கவனச்சிதறல் நல்ல சொல், ஆனால் அது அறிகுறிக்குரியது. தூக்கம் போதாதவருக்கும், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுபவருக்கும், மனச்சோர்விலோ பதற்றத்திலோ இருப்பவருக்கும் கவனம் சிதறும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி12 போதாவிட்டாலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் சிதறும். தூக்கம் வரவழைக்கும் சில சளி மாத்திரைகளும் அதைச் செய்யும். இவை பிறகு எந்த வயதிலும் வந்து சேரலாம். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் கவனமும் திரும்பும். நிலைகொள்ளாமை அப்படியல்ல, சிறுவயதிலேயே தொடங்கியிருக்கும். அந்த அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும். அந்தத் தாளோ இரண்டையும் ‘கவனக்குறைவு’ என்ற ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பியிருக்கிறது. எதற்கு இரத்தப் பரிசோதனை, எதற்கு மனநல மருத்துவர் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதே தலைப்பில் ‘பெரியவர்கள்’ வேறு. தமிழில் பெரியவர் என்றால் வயதில் மூத்தவர். படிக்கிறவர்கள் இதை முதியோரின் மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். ‘வயதுக்கு வந்தவர்கள்’ என்று மாற்றினால் பெண்களுக்கு அது வேறொன்றைச் சொல்லும். ‘வளர்ந்தவர்கள்’ என்றோ, ‘18 வயதைக் கடந்தவர்கள்’ என்றோ எழுத என்ன தடை?