மறைமொழி அல்ல, மிறைமொழி

நிரலாக்கம் பற்றிய ஓர் உரை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எசோடெரிக் மொழிகள் என்ற இடம் வந்ததும் பேசியவர் ‘மறைமொழிகள்’ என்றார். எத்தனையாவது முறை கேட்கிறேனோ தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிரேக்கத்தில் ‘எசோ’ என்றால் உள்ளே. அதில் பிறந்த ‘எசோடெரிகோஸ்’ என்ற சொல் உள்வட்டத்து மாணவர்க்கு மட்டும் உரியதைக் குறித்தது. பிறகு ‘வெகு சிலருக்கே விளங்குவது’ என்று பொருள் விரிந்தது. நிரலாளர்கள் அதை எடுத்துச் சூட்டியது, அன்றாட வேலைக்கு உதவாது என்று தெரிந்தே விளையாட்டாக வடிவமைத்த நிரல்மொழிகளுக்கு.

மறைமொழி என்பதில் எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ‘மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்று தொல்காப்பியம் அதற்குப் பொருளே சொல்லிவிட்டது. திருக்குறளிலும் அதே பொருள்தான். மந்திரத்துக்கு உரிய சொல்லை எடுத்து விளையாட்டுக்குக் கொடுப்பானேன்?

இரண்டாவதுதான் பெரிய குறை. இந்த மொழிகளில் மறைவு எங்கே இருக்கிறது? 1993இல் உர்பன் முல்லர் உருவாக்கிய பிரெயின்ஃபக் மொழியில் மொத்தமே எட்டுக் கட்டளைகள். வலப்பக்கம் நகர், இடப்பக்கம் நகர், ஒன்று கூட்டு, ஒன்று குறை, உள்ளே வாங்கு, வெளியே காட்டு, சுழற்சியைத் தொடங்கு, முடி. அவ்வளவுதான், எல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் கணினியில் 65 என்ற எண்ணுக்குரிய ‘A’ என்ற ஒரே ஓர் ஆங்கில எழுத்தைத் திரையில் காட்ட இப்படி எழுத வேண்டும்:

++++++++[>++++++++<-]>+.

எட்டை எட்டு முறை கூட்டி, கடைசியில் ஒன்று சேர்க்கிறது. விதி வெட்டவெளிச்சம், வழிதான் கரடுமுரடு. அந்தக் கரடுமுரடை வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். 1972இல் இரண்டு மாணவர்கள் உருவாக்கிய இன்டர்கால் மொழியில், ‘தயவுசெய்து’ என்று போதிய முறை சொல்லாவிட்டால் நிரல் ஏற்கப்படாது. அளவுக்கு மீறிக் குழைந்தாலும் ஏற்கப்படாது! இதில் என்ன மறைபொருள்? திரையில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம், தத்தல் (tab), புதுவரி மூன்றை மட்டுமே கட்டளையாகக் கொண்ட ஒயிட்ஸ்பேஸ் ஒன்றுக்கு வேண்டுமானால் மறை பொருந்தும். ஒன்றுக்குப் பொருந்துவதை இனத்துக்கே பெயராக வைக்கலாமா?

‘விளையாட்டு நிரல்மொழி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். கருத்து சரி, ஆனால் கணினி விளையாட்டுகளை எழுத உதவும் மொழி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ‘பயனற்ற மொழி’ என்பது தவறே. பிரெயின்ஃபக்கில், நினைவகத்துக்கு எல்லை வைக்காவிட்டால், கணினியால் முடிந்த எந்தக் கணக்கையும் செய்யலாம்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். பொருளைப் பார்த்தால் நம்மிடமே சொல் இருக்கிறது. சித்திரகவிக்கு மிறைக்கவி என்றும் பெயர் உண்டு. மிறை என்றால் வருத்தம், வளைவு. புலவர் தமக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டு பாடுவது. இரு பக்கமிருந்தும் ஒன்றாகவே படிக்கவரும் மாலைமாற்று, உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டம் எல்லாம் அந்த வகை. சுழிகுளத்தில் எட்டெட்டு எழுத்தாக நான்கு வரிகள். நேராகப் படித்தாலும் சுழன்று படித்தாலும் அதே செய்யுள். கிறிஸ் பிரெஸ்ஸி 1993இல் வடிவமைத்த பிஃபஞ்ச் மொழியில் கட்டளைகள் கட்டங்களில் நிற்க, நிரல் நான்கு திசையிலும் ஓடுகிறது. அதைப் பார்த்தபோது எனக்குச் சுழிகுளம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே மிறைமொழி என்பேன். அதில் எழுதுவது மிறைநிரல். மறைமொழியோடு குழம்பாதா என்று கேட்கலாம். பேச்சில் குழம்பும் இடத்தில் ‘மிறை நிரல்மொழி’ என்று முழுதாகச் சொன்னால் போதும்.