வழிகாட்டிக் குத்துக்கால் படகைப் பிடித்துக்கொள்ளாது

சென்ற வாரம் எங்கள் பட்டறை வாசலுக்கு ஒரு பைபர் படகு தன் டிரெய்லரோடு வந்து சேர்ந்தது. படகின் இடப்பக்க விளிம்பு ஒன்றரை அடி நீளத்திற்குப் பிளந்திருந்தது. டிரெய்லரின் பின்புறம் இருந்த கழற்றி மாட்டும் குத்துக்கால்களில் ஒன்று வளைந்திருந்தது, மற்றொன்றைக் காணவில்லை. படகை எதில் கட்டிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அந்த ரெண்டு கம்பத்துலதானுங்க" என்றார் உரிமையாளர், வேறு எதில் கட்டுவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்பதைப் போல. இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது படகு இது. ஆகவேதான் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மாட்டுவண்டியின் முளைக்குச்சிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வைக்கோல் பாரம் சரியாமல் இருப்பதற்கு அவைதான் காரணம். கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லரிலும் ஓரத்துக் கால்கள்தான் பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. அதே கண்ணோடு படகு டிரெய்லரைப் பார்ப்பவருக்கு, இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் குத்துக்கால் சுமையைப் பிடிப்பதற்காகவே வைத்தது போலத்தான் தெரியும். ஆனால் கைடு போஸ்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தக் குத்துக்கால் முளைக்குச்சியின் வேலையைச் செய்வதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. பவானிசாகரில் நீர்மட்டம் இறங்கிய காலத்தில் வண்டல் சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கிப் பாருங்கள். கலங்கல் நீருக்குள் டிரெய்லர் முழுவதும் மறைந்துவிடும். அப்போது வண்டி ஓட்டுபவருக்கும் படகு ஓட்டுபவருக்கும் தெரிவது நீருக்கு மேல் நிற்கும் இந்த இரண்டு கால்கள் மட்டுமே. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆழியாற்றிலும் அமராவதியிலும் படகைப் பக்கவாட்டில் தள்ளும்போது, மெதுவாக வந்து உரசும் படகை நடுவில் திருப்பிவிடுவதும் இவைதான். அவ்வளவுதான் இவற்றின் வேலை. சாலையில் வேகத்தடை மேல் டிரெய்லர் குதிக்கும்போது படகின் முழு எடையும் கயிற்றின் வழியாகக் குத்துக்காலின் மேல்முனையில் இழுத்தால், கால் வளையும், அல்லது அது செருகி நிற்கும் இரும்புக் கூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றுவதற்காகவே செய்த பொருள் கழன்று வருவதில் வியப்பு என்ன இருக்கிறது?

(இரண்டு பேர் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தால் குத்துக்காலே வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். அமராவதி அணையில் முதலை உண்டு என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.)

படகைக் கட்ட வேண்டிய இடம் டிரெய்லரின் சட்டம், அதாவது அதன் இரும்பு பிரேம். முன்னால் வின்ச் பெல்ட் (கைப்பிடியைச் சுற்றிப் படகை இழுக்கும் உருளையின் பட்டை), அதற்குத் துணையாக ஒரு சங்கிலி. பின்னால் படகின் இரு மூலைகளிலும் உள்ள கண்ணிகளிலிருந்து சட்டத்திற்கு இரண்டு ராட்செட் பெல்ட், அதாவது நெம்புபிடியால் இறுக்கும் பட்டை. நைலான் கயிறு போதும் என்று சொல்லாதீர்கள். அது இழுவிசைக்கு நீளும், நனைந்தால் இன்னும் தளரும். புறப்பட்ட இடத்தில் போட்ட இறுக்கம் பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் இருக்காது.

இனி மாட்டும் முறை. குத்துக்காலுக்காகச் சட்டத்துச் சேனலின் (பள்ளம்போல் வளைந்த இரும்பு) மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ துளை போட வேண்டாம். வளைவைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான். தகடு வைத்து, சட்டத்தைச் சுற்றி இரண்டு யூ போல்ட் போட்டு இறுக்கினால் போதும், பிறகு நகர்த்திச் சரிசெய்யவும் முடியும். துத்தநாகம் பூசிய சட்டத்தில் வெல்டிங் வைக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். பூச்சு எரிந்துபோன இடத்தில் துரு ஏறும் என்பது ஒருபுறம். எழும் வெண்புகையை மூச்சில் இழுத்த வெல்டர் அன்றிரவு குளிர்க்காய்ச்சலில் நடுங்குவார் என்பது மறுபுறம். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தொழிலில் இன்னும் நம்புகிறார்கள். பால் நல்லதுதான், ஆனால் நுரையீரலுக்குள் போன புகையை அது ஒன்றும் செய்யாது.

குத்துக்கால் செருகும் கூட்டின் அடிப்பகுதி திறந்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டலும் நீரும் தேங்கி, ஒரே மழைக்காலத்தில் காலும் கூடும் துருவேறி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கழற்றும் குத்துக்கால் என்பது பெயரளவில்தான். உள்ளே சிறிது தளர்வும் கிரீசும் இருக்கட்டும். கால் கழன்று வராமல் குறுக்கே போடும் இரும்புப் பின்னைச் சிறு சங்கிலியால் கூட்டோடு பிணைத்துவிடுங்கள், ஏனென்றால் அது தொலைந்தால் ஆணியைச் செருகி ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. காலின் மேல் வெள்ளைப் பி.வி.சி. பைப்பைத் தளர்வாக மாட்டினால், படகு உரசும்போது பைப் சுழலும், படகின் பெயின்ட் தப்பும். படகு இறக்கிய வெற்று டிரெய்லரை ஓட்டிச் செல்லும்போது கால்களைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிடுங்கள். பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர்மேல் அது விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, ஒரு வேண்டுகோள். வெறும் டிரெய்லரை மட்டும் கொண்டுவந்து, படகின் அகலம் ஆறடி இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்லாதீர்கள். குத்துக்கால் நிற்கும் இடத்தில் படகு எவ்வளவு அகலமோ அதைத்தான் நான் அளக்க வேண்டும், இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும். படகை ஏற்றிக்கொண்டே வாருங்கள். சட்டத்தில் கட்டிக்கொண்டு வாருங்கள்.